நிச்சயத்துக்குள் நாலு கட்டு

டிசம்பர் 29, திங்கள்

அண்ணன் போன் செய்தார். தை பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை என் மகள் மதிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டில் நாள் குறித்துவிட்டார்களாம். "சௌந்தரம், இனி அந்தச் சீட்டுகளையெல்லாம் எடுத்துக் கடாசு. குடுத்த வாக்கைக் காப்பாத்தோணும்" என்றார்.

வாக்குக் கொடுத்ததே அவர்தான். கார்த்திகையில் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா வேலுச்சாமி, கேசரியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே ஆரம்பித்தார். கோயமுத்தூர் கணபதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருப்பவர். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். "பொண்ணு புடிச்சிருக்குதுங்க. குடும்பமும் நல்ல குடும்பம். இந்தச் சீட்டுப் பாக்கற சமாச்சாரத்தை மட்டும் நிச்சயத்துக்குள்ள நிறுத்திப்போட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க. நாளைக்கு நாலு பேரு கேட்டா நாங்க என்னன்னு சொல்றது?" நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் தலையாட்டிவிட்டார். வேலுச்சாமியின் மனைவி ருக்மணி சோபா ஓரத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "காப்பி போதுங்களா?" என்றதற்கு "போதுங்க" என்று முணுமுணுத்தார். அன்றைக்கு அந்த அம்மாவிடமிருந்து வந்தது அது ஒன்றுதான்.

மதிக்கு முப்பத்தொன்று நடக்கிறது. ஏற்கெனவே இரண்டு இடம் கூடிவந்து கலைந்தது. இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று உறவில் பேச்சு. சீட்டுக்காரி மகளாம். ஒரு வீட்டில் நேராகவே கேட்டார்கள், நான் செய்வினை வைப்பேனா என்று. டாரட் பார்க்கிறவள் எலுமிச்சம்பழத்தைச் சாதத்துக்குத் தவிர வேறு எதற்கும் தொட்டதில்லை என்று சொன்னேன். நம்பவில்லை.

வீட்டில் நாலு சீட்டுக்கட்டு இருக்கிறது. குப்பையில் போட மனசு வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கிடம் பார்க்க வேண்டும். முட்டி வலிக்கிறது. நாளைக்கு யோசிக்கலாம்.

டிசம்பர் 31, புதன்

வருசக் கடைசி என்றால் எங்கள் தொழிலில் தீபாவளிக்கு முதல் நாள் ஜவுளிக்கடை மாதிரி. காலையிலிருந்து போன். "புது வருசம் எப்படிங்கக்கா இருக்கும்?" போன வருசத்தை எப்படிக் கழித்தார்களோ அப்படித்தான் இருக்கும். அதைச் சொன்னால் யார் அடுத்த தடவை வருவார்கள்? நல்லாருக்கும் கண்ணு, நல்லாருக்கும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே தாடை நோகிறது.

மத்தியானம் திருப்பூரிலிருந்து ஷானாஸ் வந்தாள். அவளும் கார்டு பார்க்கிறவள், எனக்கு அப்புறம் வந்தவள். கறுப்புக் கட்டு அவளுக்கு என்று முடிவு செய்திருந்தேன். மதியின் அப்பா தவறிய வருசம் வாங்கியது அது. கன்னங்கரேலென்று, விளிம்பெல்லாம் தங்கப் பூச்சு. அப்போது எனக்கிருந்த மனசுக்கு அந்த நிறம்தான் பிடித்தது. அவர் ஏன் அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போனார் என்று அதனிடம் கேட்பேன். நிலாவைப் பார்த்து நாய் ஊளையிடுகிற சீட்டுதான் திரும்பத் திரும்ப வரும். வாரக்கணக்கில் அதே சீட்டு. ஒருநாள் கோபம் வந்து கட்டை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். பிறகு எடுத்து, மில்காரர்களுக்கு மட்டும் அதில் பார்த்தேன். கொஞ்சம் பயமுறுத்தினால்தான் அவர்களுக்குத் திருப்தி.

ஷானாஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அக்கா, இது கடிக்குமா?"

"கடிக்கும். பழகற வரைக்கும் ராத்திரி தலைமாட்டுல வெச்சுக்கோ."

அவள் போன பிறகு அந்த இடத்தில் ஒரு மருந்து டப்பாவை வைத்தேன். அலமாரி பழையபடி நிறைந்துவிட்டது.

ஜனவரி 3, சனி

பௌர்ணமி. கட்டுகளை நிலா வெளிச்சத்தில் வைத்து எடுப்பது வழக்கம். அதுவும் இதுதான் கடைசி. பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியில் துணி விரித்து மஞ்சள் பெட்டிக் கட்டைப் பரப்பினேன். காய்ந்த துணி எடுக்க வந்த மூன்றாம் மாடி அம்மா, "ஏனுங்க, அதுக்கும் வெயில் காட்டறீங்களா?" என்றார். வெயில் இல்லைங்க, நெலா என்றேன். அவருக்கு என்னைப் பற்றி ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் உண்டு. இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

மஞ்சள் பெட்டி என்னுடைய முதல் கட்டு. லீலா சேச்சி கொடுத்தது. காந்திபுரத்தில் சேச்சியின் பியூட்டி பார்லரில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு டை அடித்தால் அது பிடிக்கிற வரை சும்மா உட்கார வேண்டுமே. அந்த நேரத்தில் கஸ்டமர்கள் எழுந்து நடமாடி நாற்காலியெல்லாம் கறையாக்காமல் இருக்க, சேச்சி சீட்டு எடுத்து எதிரே உட்கார்ந்துவிடுவார். அப்படித்தான் கோயமுத்தூரில் பாதிப் பெண்களுக்குக் கார்டு என்றால் என்னவென்று தெரிந்தது. கொஞ்ச நாளில் தலைமுடியை விட்டுவிட்டுச் சீட்டுக்காகவே வர ஆரம்பித்தார்கள். சேச்சிக்குக் கை நடுக்கம் வந்ததும் என்னை உட்கார வைத்தார்.

கோப்பை ராணி சீட்டில் டை சிந்திய கறை இன்னும் இருக்கிறது. சரியாக ராணியின் தலையில். "இவளுக்கு மட்டும் நரையில்லா" என்று சேச்சி சிரிப்பார். எனக்கு இரண்டு சட்டம் போட்டுக் கொடுத்தார். சொந்த ரத்தத்துக்குக் கார்டு பார்க்கக் கூடாது. சீட்டு விரித்த துணி மேலே கேட்டதைத் துணியோடு மடித்து வைத்துவிட வேண்டும், வெளியே ஒரு சொல் போகக் கூடாது. இருபத்திரண்டு வருசத்தில் இரண்டையும் மீறியதில்லை. என் பிழைப்பே அந்த இரண்டாவது சட்டத்தில்தான் நடந்தது. சௌந்தரத்திடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி என்று பெண்களுக்குள் ஒரு பேர்.

சேச்சி இப்போது இல்லை. பாலக்காட்டிலிருக்கும் அவர் மகளுக்குப் பார்சல் கட்டிவிட்டேன். கட்டும்போது அழுகை வந்தது. அழுதேன்.

ஜனவரி 5, திங்கள்

கெய்சர் ரிப்பேர்காரன் வரவில்லை. நாளைக்கு என்கிறான்.

ஜனவரி 8, வியாழன்

பூனைக் கட்டை எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மாவுக்குக் கொடுத்தேன். ராஜா, ராணி, மந்திரவாதி எல்லாமே பூனைகள். வாளுக்குப் பதிலாக மீன்முள்ளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கிளினிக்குக்கு வரும் குழந்தைகளுக்காகச் சுவரில் ஒட்டிக்கொள்வார்களாம். நல்ல இடம்தான்.

மதி சாயங்காலம் வந்து அலமாரியைப் பார்த்தாள்.

"பூனை எங்கேம்மா? அது நான் வாங்கித் தந்ததுதானே?"

"ஆமா கண்ணு."

அவள் பிசியோதெரபி படித்து வேலைக்குப் போன முதல் மாதம் வாங்கித் தந்தது. "உன்ற கார்டெல்லாம் பாத்தா எனக்கே பயமா இருக்குது, பரீட்சைக்குப் பயந்துட்டு வர்ற புள்ளைங்களுக்காவது இதுல பாரு" என்று சொல்லித் தந்தாள். கார்டை அவள் நம்புவதில்லை. தனக்கு ஒரு தடவைகூடப் பார்க்கச் சொன்னதில்லை. ஆனால் பூனைகளைப் பிடிக்கும்.

"எல்லாத்தையும் குடுக்கோணும்னு அவங்கப்பா சொன்னா நீ குடுத்துருவியா?"

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னு சொல்லாதே. உனக்கு அலுத்துப்போச்சுன்னு சொல்லு."

அதுவும் உண்மைதான். எழுந்து போய்ச் சப்பாத்தி போட்டேன். சாப்பிடும்போது மாப்பிள்ளை பேசினாரா என்று கேட்டேன். நவநீதன் தினமும் ஒரு தடவை கூப்பிடுகிறார்.

"பேசறாரு. பேஷண்ட் மாதிரி பேசறாரு. எங்க வலிக்குதுன்னு நான் கேட்டாத்தான் பதிலே வருது. மத்ததுக்கெல்லாம் ம், ம்."

ஆம்பிளைகள் முதலில் அப்படித்தான், உங்கப்பாவும் அப்படித்தான் என்றேன். நிஜத்தில் அவள் அப்பா கல்யாணத்துக்கு முன் என் வீட்டு வாசலில் நின்று வாய் ஓயாமல் பேசுவார். அதை இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜனவரி 11, ஞாயிறு

இப்போது மிச்சம் இருப்பது என் கைக்கட்டு மட்டும். தினப்படிக்கு வைத்திருப்பது. இதற்குப் பெட்டிகூட இல்லை, மதியின் பழைய பாவாடைத் துணியில் சுற்றி வைப்பேன். சீட்டுகள் நைந்து துணி மாதிரி ஆகிவிட்டன. கலைத்துப் போட முடியாது. பரப்பி வைத்து அரிசி களைகிற மாதிரி அளாவ வேண்டும்.

நாலில் எது உனக்குப் பிடித்தது என்று ஷானாஸ் போனில் கேட்டாள். மஞ்சளில் சேச்சி இருக்கிறார், கறுப்பில் என் வீட்டுக்காரர் இருக்கிறார், பூனையில் மதி இருக்கிறாள். ஆனால் கை தானாகப் போவது இதனிடம்தான். இதில் எழுபத்தெட்டுக்கு எழுபத்தேழுதான் இருக்கும். ஒரு பொள்ளாச்சி அம்மா மரணம் என்ற சீட்டைப் பார்த்ததும் செருப்பை விட்டுவிட்டு ஓடிப்போனார். ஒரு மாதம் அந்தச் செருப்பு என் வாசலில் கிடந்தது. அதற்கு அர்த்தம் சாவு இல்லை, மாற்றம் என்று யாருக்கு விளக்குவது? சீட்டையே எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இந்தக் கட்டு யாரையும் அழ வைத்ததில்லை. கொஞ்சம் மோசமாக எது வந்தாலும் நான் நல்லதாகத் திருப்பிச் சொல்லிவிடுவேன்.

இன்று விஜயா என்று ஒரு புதுப் பெண்மணி வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தார். பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம், அதற்குள்ளே ரகசியமாகப் பேசுகிறார். இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்தது.

"பையனுக்குக் கல்யாணம் பேசியிருக்கோமுங்க. அவனுக்கு வேற ஒரு புள்ளை மேல மனசு. அஞ்சு வருசமாவேங்க. அவங்கப்பா வேற சாதின்னு ஒத்துக்கலை, மிரட்டி இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்ட வெச்சிட்டாரு. இப்பவும் அந்தப் புள்ளையோடதான் பேசிட்டிருக்கானுங்க. கட்டி வெச்சா மாறிடுவானுங்களா? வர்ற புள்ளை நல்லாருக்குமுங்களா?"

மூன்று சீட்டு எடுத்தேன். தலைகீழாக விழுந்த இரண்டு கோப்பை, அது ஜோடி சேராத சீட்டு. எட்டு வாள், அதில் ஒரு பெண் கண்ணைக் கட்டி வாள்களுக்கு நடுவில் நிற்பாள். கடைசியில் நாலு கோல். அது மாலை தொங்குகிற பந்தல். பந்தல் வந்துவிட்டால் எனக்கு வேலை சுலபம்.

குரல் அனுப்பினேன். "பந்தல் வந்திருக்குதுங்கம்மா, கல்யாணம் நல்லபடியா நடக்கும். பசங்க மனசு கட்டி வெச்சா சரியாப்போயிரும். வர்ற புள்ளைக்குக் கண்ணைத்தான் கட்டியிருக்குது, காலைக் கட்டலை. தானா நடந்து வந்துருவா. கவலைப்படாதீங்க."

இந்தக் கண்ணு, காலு வசனத்தை எட்டு வாள் வரும்போதெல்லாம் சொல்வேன். எல்லோருக்கும் பிடிக்கும்.

ஜனவரி 12, திங்கள்

விஜயா மறுபடியும். "அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிரட்டுங்களா? எனக்குச் சோறு எறங்கலைங்க."

குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. மதி டிபன் பாக்ஸுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். "வேண்டாமுங்க, கூடி வந்ததைக் கலைக்க வேண்டாம்னு கார்டு சொல்லுது" என்று அனுப்பிவிட்டு அடுப்பை அணைத்தேன். சீட்டு எடுக்க எங்கே நேரம்? எடுத்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கெய்சர்காரன் வந்துவிட்டான். வெந்நீரில் குளித்தேன்.

ஜனவரி 14, புதன்

எங்கள் பக்கம் இன்றைக்குக் காப்புக் கட்டுவதோடு சரி. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து நிலைப்படியில் செருகினேன். ஆனால் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் விழுப்புரத்துக்காரர். அவருக்குப் போகி கொளுத்தாமல் முடியாது. விடிந்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் பழைய பாய், அட்டைப்பெட்டியெல்லாம் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

கைக்கட்டை யாருக்கும் கொடுக்க முடியாது. அவ்வளவு நைந்தது. எடுத்துப் போய்ப் போட்டேன்.

"என்னக்கா, சீட்டுக்கட்டா? யாருக்கா ஆடுனது?"

"நான்தான் ஆடுனேன். போதும்னு விட்டுட்டேன்."

"நல்லதுக்கா. அது குடும்பத்தைக் கெடுத்துரும்."

ஒவ்வொன்றாகச் சுருண்டது. நாற்றம் தாங்கவில்லை. இன்றோடு வீட்டில் ஒரு சீட்டும் இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். கை சும்மா இருப்பதுதான் தெரிகிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கட்டுக் கரும்பு வந்தது. இந்தக் கரும்பை யார் தின்பது?

ஜனவரி 19, திங்கள்

நிச்சயப் புடவை எடுத்தாகிவிட்டது. மாம்பழ நிறம். தலைவலி.

ஜனவரி 20, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கடையில் அண்ணனும் வேலுச்சாமியும் கீழே உட்கார்ந்து மண்டபம், சமையல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மதிக்கு டியூட்டி. மாடியில் நானும் ருக்மணியும் மட்டும். விற்பனைப் பெண் இன்னும் நாலு புடவை எடுத்துவரப் போயிருந்தாள். ருக்மணி ஒரு முந்தானையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கண்ணைத்தான் கட்டியிருக்குது, காலைக் கட்டலைன்னு சொன்னீங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஏனுங்க?"

"விஜயா என்ர தங்கச்சிங்க. அவ போன்ல இருந்து நான்தான் பேசுனேன். பட்டறையில கிரைண்டர் ஓடற பக்கமா நின்னு பேசுனேன், ஆருக்கும் கேக்கப்படாதுன்னு."

அப்புறம்தான் குரல் பிடிபட்டது. அந்த இரைச்சலைக் கழித்துவிட்டால் அதே குரல்.

"கட்டுன கண்ணை ஆராச்சும் அவுத்துவுட வேணுமில்லீங்களா?" என்றார். "நான் அவுத்துவுடலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க இன்னும் இறுக்கிக் கட்டிப்போட்டீங்க."

"என்னை ஆருன்னு தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க வந்தேன். நீங்க வெளிய சொல்லமாட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்தத் தைரியத்துல வந்தேன். இதைக் கேட்டா ஆரூட்டுச் சங்கதின்னு உங்களுக்கே புரிஞ்சு, பொண்ணு வீட்டுல இருந்தே வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். என்ர வாயில வந்ததுன்னு தெரிஞ்சா அப்புறம் அந்தூட்டுல எனக்குச் சோறில்லீங்க."

கீழேயிருந்து வேலுச்சாமி கத்தினார். "ருக்கு, எடுத்தாச்சா இல்லையா?"

"மாம்பழக் கலர் எடுத்துட்டமுங்க" என்று ருக்மணி எழுந்து போனார். நான் அந்தப் புடவையைப் பார்க்கவேயில்லை. பார்த்த மாதிரி தலையாட்டியிருக்கிறேன்.

எவளோ ஒருத்தி பெற்ற பெண் என்று நினைத்துத்தானே அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். நடந்து வந்துருவா என்று. இரண்டாவது கேள்விக்குச் சீட்டைத் தொடக்கூட இல்லை. என் மகளை என் வாயாலேயே அனுப்பி வைக்கப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

மதியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சேச்சியின் சட்டம் போகும். மூன்றாவது இடமும் போகும். மறுபடியும் சீட்டுக்காரி மகள். அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. அந்தம்மாவின் பெயர் வெளியே வந்தால் அவர் கதி என்ன?

சொல்லாமல் விட்டால்? ஐந்து வருசப் பழக்கம் கல்யாணமானால் மறந்துபோகாதா? எத்தனை பேர் அப்படி மாறியிருக்கிறார்கள். ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும். மதி கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாள்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். விஜயாவுக்கு நான் அனுப்பிய குரலேதான். சீ.

கை இரண்டு தடவை அலமாரிக்குப் போய்விட்டு வந்தது. கேட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. மதி "ஏம்மா மொகம் இப்படி இருக்குது?" என்றாள். முட்டி என்றேன்.

ஜனவரி 24, சனி

முட்டி என்று சொன்னதால் இன்று பாயை விரித்து என்னை உட்கார வைத்துவிட்டாள். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அமுக்கு, விடு, அமுக்கு, விடு என்று பயிற்சி. அவள் கை என் முட்டி மேல். வேலை பார்க்கும்போது அவள் முகம் வேறு மாதிரி, ரொம்பத் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்ததும் இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"மதி, நவநீதனுக்கு வேற ஒரு பொண்ணு மேல மனசு. அஞ்சு வருசமா. அப்பன் மிரட்டித்தான் இதுக்கு ஒத்துக்கிட்டிருக்கான். இப்பவும் அந்தப் புள்ளையோட பேச்சு இருக்குது."

அவள் கை அப்படியே நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டாள்.

"கார்டு சொல்லுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பாள். எனக்கும் சொல்லிவிட்ட நிம்மதி கிடைத்திருக்கும். அந்த ஆமாம் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. இத்தனை வருசமாக எது சொன்னாலும் கார்டு சொல்லுது, கார்டு சொல்லுது என்றே சொல்லிப் பழகிய வாய். தப்பானால் கார்டின் தலையில் போடலாம்.

"கார்டு சொல்லலை சாமி. நான் சொல்றேன்."

"உனக்கு ஆரு சொன்னா?"

"அதைக் கேக்காதே. அது ஒண்ணை மட்டும் கேக்காதே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "நவநீதன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உங்க மனசுல இருக்கற பொண்ணு பேரு என்ன?"

அவன் ஒரு பெயர் சொன்னான். சொன்னவன் நிறுத்தவில்லை. எந்தக் காலேஜ், எந்த பஸ் ஸ்டாப், அவன் அப்பா அந்தப் பெண் வீட்டில் போய்ப் பேசின பேச்சு, எல்லாவற்றையும் கொட்டினான். மதி ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் அழுதான் என்று நினைக்கிறேன். "எங்கப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்றான்.

"நாங்க வேண்டாம்னு சொல்லிக்கறோம். நீங்களும் இனியாவது வாயைத் தொறந்து பேசுங்க" என்று வைத்துவிட்டாள்.

பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு அவனைப் பெருசாப் புடிக்கக்கூட இல்லம்மா. எல்லாரும் சொல்றீங்களேன்னுதான் சரின்னேன். அப்புறம் எதுக்கு அழுகை வருது?" என்றாள். எனக்கும் வந்தது. அலுப்பில் இரண்டு பேரும் அப்படியே பாயில் படுத்துவிட்டோம். ராத்திரிக்கு ஒன்றும் சமைக்கவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

அண்ணனிடம் காலையில் சொன்னேன். "இனி உன்ர மகளுக்கு நான் எடம் பாக்கமாட்டேன், என்னைத் தேடி வராதே" என்று போனை வைத்துவிட்டார். அரை மணிக்குள் வேலுச்சாமி கூப்பிட்டார். கதவைத் தட்டுகிற மாதிரி அந்தக் குரல்.

"ஏனுங்க, ஆரு உங்களுக்குச் சொன்னது? பையன் இப்ப எம்மூஞ்சிக்கு நேரா நின்னு அவளைத்தான் கட்டுவேங்கறான். அது எங்கூட்டு நாலு சுவத்துக்குள்ள இருந்த விசயமுங்க. உள்ள இருக்கறவங்கதான் ஆரோ சொல்லியிருக்கோணும். எனக்கு அந்தப் பேரு வேணும். ருக்கு, இங்க வந்து நில்லு. கேளு இதை."

அவர் குரல் எதிரொலித்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அந்தம்மா அங்கே நின்றுகொண்டிருக்கிறார் என்றும் தெரிந்தது. கைக்குட்டையை மடித்துக்கொண்டிருப்பார்.

"ஆரும் சொல்லலைங்க" என்றேன். "சீட்டுல வந்துச்சுங்க."

"சீட்டை நிறுத்திட்டேன்னீங்க?"

"நிறுத்தலைங்க. பொண்ணைப் பெத்தவ பாக்காம இருப்பாளா? ஒளிச்சு வெச்சுப் பாத்தேன். உங்க பையன் பேருக்கு எடுத்தேன், அப்படியே வந்துருச்சு. அந்தப் பொண்ணோட படிப்பு, பஸ் ஸ்டாப்பு எல்லாமே வந்துச்சுங்க."

அப்புறம் ஆரம்பித்தார். சூனியக்காரி என்றார். குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்றார். "அன்னிக்கே சொன்னேனே ருக்கு, இவ ஒரு மாதிரின்னு. கேட்டியா இப்ப?"

"கேட்டேனுங்க" என்றது ருக்மணியின் குரல்.

"ஊரு பூராச் சொல்லுவேன். உம்மகளுக்கு எவன் வர்றான்னு பாக்கறேன்" என்றார் என்னிடம்.

"சொல்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? வைத்துவிட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். மதி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நின்ற நிலையிலேயே, நான் யாரைக் காப்பாற்றினேன் என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

"அத்தனையும் பொய்யி" என்றாள்.

"ஆமா."

"அவரு நம்பிட்டாரா?"

"நம்பிட்டாரு. கார்டு சொல்லுச்சுன்னா எல்லாருமே நம்புவாங்க கண்ணு. நான் சொன்னேன்னு நம்புனது நீ ஒருத்திதான்."